பத்துக்குப் பத்து சிவப்பு

"இன்னிக்கும் சிவப்பா?"

கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடியே தர்ஷினி கத்தினாள். உள்ளே அவள் அம்மா மரகதம், "சும்மா இரு" என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, காவலாளி உத்தமன் பின்னால் சோதனை அறைக்குள் போனாள்.

அது ஒரு ஐ.டி. கம்பெனியின் பின்வாசல். வேலை முடிந்து போகும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் ஒவ்வொருவரும் அங்கே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் காவலாளி பையைச் சோதித்து, மணிக்கட்டில் முத்திரை குத்தி அனுப்புவார். நாலு பேரில் ஒருவருக்குச் சிவப்பு, எல்லாம் மெஷின் முடிவு என்று பலகையே வைத்திருந்தார்கள்.

பச்சைக்காரர்களும் தப்பிவிட முடியாது. வாசலில் செக்யூரிட்டி ஆபீசர் சேஷகிரி நிற்பார். அவருக்குத் தோன்றினால் டிபன் டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார். முத்திரை இருந்தால் மட்டும் தொடமாட்டார்.

லேப்டாப் பையோடு முன்வாசல் வழியாகப் போகிறவர்களுக்கு இந்தப் பொத்தானே கிடையாது. அதை நினைத்தாலே தர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மரகதம் முத்திரையோடு வெளியே வந்தாள். "வா, பஸ் போயிடும்."

"நீ இரும்மா. உத்தமன் அண்ணா, இங்க வாங்க."

"இன்னாம்மா?"

"நான் எம்.எஸ்ஸி. ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிறேன். இருபத்திரண்டு நாளா குறிச்சு வெச்சிருக்கேன்." நாலாக மடித்த தாளைப் பிரித்துக் கம்பியில் வைத்து அழுத்தினாள். "ரெண்டு வரிசை. மேல நீங்க, கீழ உங்களுக்கு மாத்தா வர்ற பிரகாஷ். ரெண்டு பத்தி. சிவப்பு, பச்சை. பிரகாஷ் ட்யூட்டியில எங்கம்மா பன்னிரண்டு நாள் அழுத்தினாங்க. மூணு சிவப்பு, ஒன்பது பச்சை. நாலுல ஒண்ணு, மெஷின் சொன்னபடி."

"சரி."

"உங்க ட்யூட்டியில பத்து நாள். பத்தும் சிவப்பு. பச்சைக் கட்டத்துல பூஜ்யம்!"

"எல்லாம் அவங்க அதிர்ஷ்டம்மா."

"அதிர்ஷ்டமா? நாலுல ஒண்ணு, பத்து தடவை பெருக்குங்க. தற்செயலா இப்படி நடக்க, பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துல ஒரு வாய்ப்பு. லாட்டரிகூட விழும் அண்ணா, இது விழாது. சொல்லுங்க, பின்னாடி சுவிட்ச் இருக்குதானே?"

உத்தமன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்டி மானத்த வாங்குற!" மரகதம் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "சோதிச்சா சோதிச்சுட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"உனக்கு இல்லம்மா, எனக்கு இருக்கு. எத்தனையோ பேர் போறாங்க, இவரு ட்யூட்டின்னா தினம் உன்னை மட்டும் திருடி மாதிரி உள்ள கூட்டிட்டுப் போறாரு. நீயும் தலையைக் குனிஞ்சுகிட்டுப் போற."

சத்தம் கேட்டு, வாசலில் யாரையோ சோதித்துக்கொண்டிருந்த சேஷகிரி வந்துவிட்டார். "ஏன்ரீ உத்தமன், ஏனு கலாட்டே?" என்ன கலாட்டா என்று கன்னடத்தில் அதட்டினார்.

"நான் சொல்றேன் சார்." தர்ஷினி தாளைக் கம்பியிலிருந்து எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "இந்தக் கணக்கைப் பாருங்க."

உத்தமனின் முகம் வெளுத்தது. சட்டென்று கம்பிக்கிடையில் கையை விட்டு, தாளைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்? சாட்சியை ஒளிக்கிறாரு!"

"பார்க்க வேணாம் சார். நானே ஒத்துக்கறேன்," என்றார் உத்தமன். "வேணும்னுதான் சிவப்பு போட்டேன்."

"ஏன்?" என்றார் சேஷகிரி.

"ஒருநாள் இந்தம்மா என்னை எதிர்த்துப் பேசிடுச்சு. அந்தக் கோவம்."

மரகதம் வாயைத் திறந்தாள். உத்தமன் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டாள்.

சேஷகிரி பல்லைக் கடித்தார். "நாளையிலிருந்து பேஸ்மென்ட் பார்க்கிங் ட்யூட்டி. இந்தப் பக்கமே வரக்கூடாது. பிரகாஷ் ஒருத்தன் போதும் இங்க." தர்ஷினியிடம் திரும்பி, "ஸாரிம்மா. படிச்ச பொண்ணு, கரெக்டா பிடிச்சுட்டே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தர்ஷினி நிமிர்ந்து நின்றாள். "என் பேப்பரைக் குடுங்க."

சேஷகிரி கண்ணுக்கு மறையும்வரை உத்தமன் காத்திருந்தார். பிறகு தாளை எடுத்து, அவள் போட்ட கட்டங்கள் கீழே போகும்படித் திருப்பி நீட்டினார்.

பின்பக்கம் கம்பெனியின் பெயர். ஏதோ அறிக்கையின் ஏழாம் பக்கம். அடியில் தடித்த எழுத்தில்: 'அலுவலகத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

இரண்டு வருஷமாக அவள் கணக்குப் போடுவது இந்த மாதிரித் தாள்களின் பின்பக்கத்தில்தான்.

"அம்மா... சும்மா குடுக்குறாங்கன்னு சொன்னியே?"

மரகதம் தோள்பையை இறுக்கிக்கொண்டாள்.

"குப்பைக்குப் போறதுதாம்மா," என்றார் உத்தமன் மெல்லிய குரலில். "ஆனா ஒரு தாள் வெளிய போனது தெரிஞ்சாலும் வேலை போயிடும். பச்சை விழுந்தா சேஷகிரி சார் பையைத் திறந்துடுவாரு. சிவப்பு போட்டா என் கைக்கு வரும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி முத்திரை குத்திடுவேன். பிரகாஷ் இருக்கிற நாள்ல அக்கா எடுத்துட்டு வர்றதில்ல."

அம்மா எந்தெந்த நாளில் தாள் எடுத்து வந்தாள் என்பதற்கு அவள் கணக்கில் ஒரு பத்தியே இல்லை.

"உன் கணக்குல தப்பில்லம்மா," என்ற உத்தமன், மரகதத்தின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நாளையிலேருந்து எல்லா நாளும் பிரகாஷ்தான். பாப்பாவுக்குக் கடையில ஒரு நோட்டு வாங்கிக் குடுத்துடுங்க."