கதவுக்கு வெளியே இருபது நிமிடம்

"கொஞ்ச நேரம் நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க," என்றாள் மார்லிஸ்.

க்ளாடினுக்குச் சுர்ரென்று ஏறியது. வார்டன் வேலை கேட்டு வந்தவள், தேர்வுக் குழுவையே வெளியே போகச் சொல்கிறாளே!

குழுவில் சிஸ்டர் ஜெர்மேனும், மாணவிகள் சார்பில் க்ளாடினும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்த அந்தக் கத்தோலிக்கக் கல்லூரியில் விடுதி வார்டனாக வேண்டுமென்றால் ஒரு நடிப்புச் சோதனை உண்டு. 'படிப்பை விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்' என்று ஒரு மாணவி அழுவாள். வந்தவர் அவளைத் தேற்ற வேண்டும். குழு பார்த்து மார்க் போடும். இன்று அழுகிறவள் டெஸ், க்ளாடினின் அறைத்தோழி.

"இது சும்மா நடிப்புங்க," என்றாள் க்ளாடின்.

"தெரியும்மா. பத்தே நிமிஷம்."

வெளியே வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

"பாக்காம எப்படி சிஸ்டர் மார்க் போடறது? காலையில வந்தவங்க எவ்வளவு அழகா பேசினாங்க! ஜெபம் பண்ணு, ஃபாதரைப் பாரு, டாக்டரைப் பாருன்னு வரிசையா சொன்னாங்க. இந்தம்மா நம்ம சபையே இல்ல, லுத்தரன் வேற."

"லுத்தரன்னா காது கேக்காதா?" சிஸ்டர் சிரித்தார். "ஆனா, உள்ள என்னதான் நடக்குது?"

அது க்ளாடினுக்கும் தெரிந்தாக வேண்டும். கதவில் காதை வைத்தாள். பேச்சே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். கத்துக்குட்டி, வாயே திறக்கத் தெரியவில்லை!

பத்து இருபதானது. வெள்ளிக்கிழமை வேறு, கேன்டீனில் வறுத்த மீன் தீர்ந்துவிடும். மார்க் தாளில் 'கவனித்துக் கேட்டல்' என்ற கட்டத்தில் பெரிய பூஜ்யமாகப் போட்டாள்.

கதவு திறந்தது.

"உள்ள பேசினதை நான் சொல்ல மாட்டேன் சிஸ்டர். மார்க் போட முடியலைன்னா விட்டுடுங்க," என்ற மார்லிஸ், கோட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

க்ளாடின் உள்ளே பாய்ந்தாள். "ஏன்டி, இவ்வளவு நேரம் என்னதான் பண்ணீங்க?"

டெஸ்ஸின் முகம் வீங்கியிருந்தது. "அழுதேன். அப்புறம் அப்பாவுக்கு போன் போட்டேன். நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வரதா இருந்தார். வர வேண்டாம்னுட்டேன்."

"அடிப்பாவி, நிஜமாவே போறதா இருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நேத்து ஒத்திகையில சொன்னேனே. நீதான் பிரமாதம்னு கை தட்டினே."