நீலக் கோடு

"துப்பாக்கி சுடுற இடத்துல குழாயும் சோப்பும் எதுக்கு? இதுக்கு ஒரு மனு வேற!" என்றார் ஆவடிப் பக்கத்துத் துப்பாக்கிக் கிளப்பின் செயலாளர் உலகநாதன். வழக்கம்போல் உதட்டில் கவ்வியிருந்த ஈயக் குண்டுகளில் ஒன்றை எடுத்துத் துப்பாக்கியில் போட்டார்.

"எங்கம்மா இங்க பெருக்குறது ஈயத் தூசி சார். அந்தக் கையோட சோறு தின்னா உடம்புல விஷம் ஏறும்," என்றாள் ஞானகுமாரி.

"பி.எஸ்ஸி. படிச்சுட்டு துடைப்பத்துக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா? விஷம் ஏறினா எப்படித் தெரியும்?"

"பல் ஓரமா ஈறுல நீலக் கோடு விழும்."

"அப்படியா? கோடு விழுந்தவங்களுக்கு நாளையிலேர்ந்து இங்க வேலை கிடையாது. சகாயம்மா, வாயைத் திற!"

ஞானகுமாரிக்கு ரத்தம் கொதித்தது. துடைப்பத்தோடு நின்றிருந்த அவள் அம்மா சகாயம்மாளோ தைரியமாக வாயைத் திறந்தாள். ஈறு சுத்தமாக இருந்தது.

"ஆறு மாசமா ஊட்லேர்ந்து குடத்துல தண்ணி கொண்டாந்து, தெளிச்சித்தான் பெருக்கிகினு கீறேன் சார். கை கழுவாம சோத்தைத் தொட்டா இந்தப் பொண்ணு உடமாட்டா."

உலகநாதன் மீதிக் குண்டுகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா? விஷமாம், கோடாம்!"

ஞானகுமாரி அவர் வாயையே பார்த்தாள்.

"உங்க ஸ்கூட்டர் கண்ணாடியில உங்க ஈறைப் பாருங்க சார்."

அலட்சியமாகப் போனவர், முகம் வெளுத்துத் திரும்பினார். குண்டுகளைத் தரையில் உதறினார்.

"ஐயோ... கை கழுவணுமே, வாய் கொப்பளிக்கணுமே! தண்ணி எங்க?"

"அம்மா குடத்துல இருக்கு." ஞானகுமாரி மனுவையும் பேனாவையும் நீட்டினாள். "முதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் கழுவிக்கலாம்."