குருதி படியாத கனிமம்

புகையில்லா வண்டிகளுக்கு மின்கலம் வேண்டும். மின்கலத்துக்குக் கனிமம் வேண்டும். அந்தக் கனிமத்தில் எவர் குருதியும் படியவில்லை என்று உலகுக்குச் சொல்ல ஒரு முத்திரை வேண்டும். முத்திரையிடும் அதிகாரி வருகிற நாளில்தான் சுரங்கக் குழி சரிந்தது. கணவன் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறக்கியவள் செங்கமலம். இறக்கிய கை, ஆள் ஏறி வரும்வரை கயிற்றை விடக்கூடாது என்பது அங்கே வழக்கம். அவள் விடவில்லை.

"செத்தவனுக்கு எதுக்கும்மா கயிறு? விடு, குழிய மூடணும்," என்றார் மேலாளர். குழியில் ஆள் கிடந்தால் முத்திரை கிடைக்காது.

"செத்தவன் கயித்த இழுப்பானாய்யா? நீயே புடிச்சுப் பாரு."

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். "இந்தம்மா என்ன செய்யுறாங்க?"

"கிணறு சார். தண்ணி இறைக்கிறா." பொய் சொல்ல மேலாளருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

தொழிலாளர்க்குக் குடிநீர் உண்டு என்று அதிகாரி மகிழ்ந்தார். "எனக்கும் ஒரு வாய் கிடைக்குமா?"

செங்கமலம் கயிற்றை விடாமலே அவர் கையைப் பற்றி அதன்மேல் வைத்தாள். "சேந்திக் குடிங்க சார்."

கயிறு கீழிருந்து இழுபட்டது. சற்றுப் பொறுத்து மீண்டும் இழுபட்டது. அதிகாரி மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆழக் கிணறு சார்," என்றார் மேலாளர். "விட்டுடுங்க."