வாளியின் மறுபக்கம்

படகுத்துறையின் கடைசிப் பலகையில், வாத்துகளை மறிப்பவர்போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார் ரௌனோ. பின்னால் நீராவிக் குளியல் குடிலின் கதவு திறந்து கிடக்கிறது. அங்கிருந்து ஓடிவந்த புது மருமகள் ஹெல்மி, சிவந்த தோள்களில் ஆவி பறக்க, கடலில் குதிக்க முடியாமல் நிற்கிறாள். பால்டிக் கடலின் அந்தச் சின்ன வளைகுடாவில், அந்த ஊரில் வியாழக்கிழமைதோறும் காய்ச்சும் பட்டாணிக் கூழை அண்டாவோடு கவிழ்த்ததுபோல் பாசி மண்டியிருக்கிறது. கரையில் ஒதுங்கியது வெயிலில் நாறுகிறது.

"வேணாம்மா, உடம்பெல்லாம் அரிக்கும்."

"அய்யோ, இதை யார் மாமா இப்படிக் கெடுத்தது?"

"எல்லாம் எதிர்க்கரை நாட்டுக்காரங்கதான். அவங்களுக்கு வேற என்ன வேலை?"

ஊரில் எப்போதும் சிரிப்பு வாங்கித் தரும் பதில். ஹெல்மியும் சிரிக்கிறாள். இன்று நீராவிப் பக்கமே போகாத ரௌனோவின் காதுகள் அவள் தோள்களைவிடச் சிவக்கின்றன. குடிலுக்குப் பின்னால் அவருடைய பார்லி வயல் கடல்வரை சரிந்து இறங்குகிறது. நாற்பது வருட மழை அந்த வயலின் உரத்தைக் கழுவி இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது பாதி உரம்தான் போடுகிறார். பழையதைக் கடலடிச் சேறு இன்னும் பாசிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது.

கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவருகிறார். பழைய உர வாளி. ஒரு பக்கத்தில் உரத்தின் பெயர் இன்னும் அழியவில்லை. அந்தப் பக்கத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அவள் தலையில் மெல்ல ஊற்றுகிறார்.

"அப்பாடா! நீங்க இருக்கவே தப்பிச்சேன், மாமா!"

பலகை இடுக்குகள் வழியே தண்ணீர் பாசிமேல் சொட்டுகிறது. காலி வாளியைக் கீழே வைக்காமல், கட்டிப்பிடித்தபடியே நிற்கிறார் ரௌனோ.