நன்றி சொல்லும் பைக்

சூசமிர் மலைச் சாலையோரத் தகரக் கொட்டகையின் முன்னால் மாட்டு டாக்டர் தாலாயின் பைக் நிற்கிறது. பனிமலையில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண் கூசுகிறது. மெக்கானிக் சைகல் உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு இண்டிகேட்டரைப் பார்க்கிறாள். தாலாய் ஸ்விட்சை இடப்பக்கத்துக்குப் போடுகிறான். நேற்று அவனே மாட்டிய எல்இடி விளக்குகள் நான்கும் சேர்ந்து சிமிட்டுகின்றன. சிமிட்டும் வேகம் சரிதான், அதற்கான புது ரிலேயும் வாங்கிப் போட்டிருக்கிறான். ஆனால் வண்டிகள் வலப்பக்கமாக ஓடும் இந்தச் சாலையில் நாலும் சிமிட்டினால், வழிவிட்டதற்கு நன்றி என்று அர்த்தம். "மேய்ச்சலுக்குப் போற மண்பாதையில திரும்பத்தான் போட்டேன் அக்கா. பின்னால வந்த லாரிக்காரன் நன்றி சொல்றேன்னு நெனச்சு, பதிலுக்கு ஹாரன் அடிச்சிக்கிட்டே இடப்பக்கமா முந்திக்கிட்டு ஏறி வந்துட்டான்." அவன் முழங்கை உரிந்திருக்கிறது. "ஊசி போடுறவன் ஊசியோட நிறுத்திக்கணும்," என்கிறாள் சைகல். மீட்டரிலிருந்து குட்டி பல்பு ஒன்றைப் பிடுங்கிக் காட்டுகிறாள். "ரெண்டு பக்க இண்டிகேட்டருக்கும் நடுவுல இது ஒண்ணுதான். எல்இடிக்குத் துளி கரண்டு போதும். இது வழியா அந்தப் பக்கத்துக்கும் போயிடுது." பல்புக்கு வரும் இரண்டு ஒயரிலும், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒவ்வொன்று வைத்து, இரண்டையும் பல்பின் ஒரு முனையில் பற்றவைத்து, பல்பின் மறுமுனையை எர்த்தில் சேர்க்கிறாள். ஈயப் புகை மெல்ல எழுகிறது. இப்போது இடப்பக்கம் மட்டும் நிதானமாகச் சிமிட்டுகிறது.

தாலாய் கிளம்புகிறான். சற்றுத் தள்ளி, மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் அதே மண்பாதைக்கு விளக்குப் போடுகிறான். பின்னால் வரும் லாரி வேகத்தைக் குறைத்து, அவன் திரும்பும்வரை காத்திருக்கிறது. நன்றி சொல்ல அவனிடம் இனி விளக்கு இல்லை. உரிந்த கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறான்.