பாயசத்துக்கு வைத்த பால்

பெருங்காய டப்பாவை மூக்கோடு ஒட்டிப் பிடித்தாள்.

ஒன்றுமில்லை.

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு மறுபடி இழுத்தாள். மூச்சுதான் போய் வந்தது.

காபித்தூள். ஒன்றுமில்லை. இரண்டு பல் பூண்டை நசுக்கி விரலை முகர்ந்தாள். பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

நேற்று மத்தியானத்திலிருந்து இப்படி. காலையில் சரியாகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு சமையல் வேலைக்கு வந்தாயிற்று. வாசனை போனால் என்ன அர்த்தம் என்று இந்த நாட்களில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

வாசலிலேயே மேடம் காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேரே நீட்டினார். அது என்றைக்கும் காட்டுகிற எண்ணையே காட்டியது. கையில் சானிடைசர் ஊற்றினார். துணி மாற்றிக்கொள்ளச் சொன்னார். இந்த வீட்டில் பால் பாக்கெட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் உள்ளே விடுவார்கள்.

மூக்கைச் சோதிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சொல்லிவிடலாமா?

சொன்னால் வேலை போகும். இதற்கு முன் இங்கே சமைத்த கோமளாவை ஒரே ஒரு தும்மலுக்காக அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். மிளகாய் வறுத்ததில் வந்த தும்மல் அது. அதையெல்லாம் கேட்க யாருக்குப் பொறுமை?

சொல்லாவிட்டால், சார்.

சாருக்குத் தை மாதம்தான் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. அவருக்குத் தடுப்பூசி போட இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சமைக்கிற வீடுகளில், சாப்பிட்டு எழுந்திருக்கும்போது "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்கிற ஒரே ஆள் அவர். அவருக்கு ஒன்று என்றால் அப்புறம் எந்த முகத்தோடு நடமாடுவது?

தான் ஊசி போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையோ என்னவோ.

மேடம் இரண்டும் போட்டுக்கொண்டவர். "ரெண்டு போட்டவங்கள அது ஒண்ணும் பண்ணாது" என்று போனில் ஊருக்கெல்லாம் சொல்வார். அவளையும் நச்சரித்தார். தெருக்குழாயடியிலோ ஆளுக்கொன்று சொன்னார்கள். போட்ட மறுநாள் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். யார், எங்கே என்று கேட்டால் மட்டும் ஒருத்திக்கும் தெரியவில்லை. அவளும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மேடத்துக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுப்பு நினைவுக்கு வந்தது.

திரும்பினாள்.

பாயசத்துக்குச் சுண்டக் காய்ச்ச வைத்த பால். பாத்திரத்தின் அடியில் கறுப்பாக ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது.

அணைத்தாள். பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். சுர்ரென்றது. புகையை மேலே இருந்த ஃபேன் இழுத்துக்கொண்டது. நாற்றத்தை எந்த ஃபேன் இழுக்கும்? பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்கே தெரியுமே.

தொலைந்தேன் என்று நினைத்தாள்.

மேடத்தின் மூக்கு அப்பேர்ப்பட்டது. பால்கனியில் உட்கார்ந்தபடியே கடுகு கருகிவிட்டது என்பார். ஃபிரிட்ஜைத் திறந்ததும் திறக்காததுமாக முந்தாநாள் சாம்பாரைப் பிடித்துவிடுவார். இந்த மூன்று நாளாகத்தான் ஒரு குறையும் சொல்லவில்லை. தன் கைப்பக்குவம் மேடத்துக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

கூடத்தில் செருப்புச் சத்தம். வீட்டுக்குள் போடுகிற செருப்பு.

அவசரமாக முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, தொட்டியை மறைத்தபடி நின்றாள்.

மேடம் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் முகத்திலும் கவசம். அதற்கு மேலே கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தன. அடுப்பு. மேடை. அவள்.

மூச்சை ஆழமாக இழுத்தார்.

"அடேயப்பா, ரசம் வாசனை தூக்குதே!"

அவள் மேடையைப் பார்த்தாள். புளி இன்னும் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. தக்காளி முழுசாகக் கிடந்தது.

மேடத்தைப் பார்த்தாள்.

மூன்று நாள்.

கோபம்தான் முதலில் வந்தது. தன்னை மட்டும் தினமும் வாசலில் நிறுத்திவைத்து, கையைக் கழுவ வைத்து, துணியை மாற்ற வைத்து. தொற்றியது அவரிடமிருந்து தனக்கா, தன்னிடமிருந்து அவருக்கா? இனி யார் கண்டார்கள்?

மேடத்தின் கண்கள் பயந்திருந்தன. காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் அவள் பார்த்ததும் அதே பயம்தான்.

"ரசம் இன்னும் வெக்கவே இல்ல மேடம்."

மேடத்தின் கை மெல்ல எழுந்து, முகக்கவசத்தை மூக்கின் மேல் அழுத்திக்கொண்டது.

குளியலறைக் கதவு திறந்தது.

"என்ன இது, பால் தீஞ்சு வீடே நாறுது! ரெண்டு பேருக்கும் மூக்கு செத்துப்போச்சா?"

சார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தோளில் ஈரத் துண்டு. கேட்டபடியே சமையலறையை நோக்கி நடந்து வந்தார்.

சாருக்கு வாசனை தெரிகிறது.

"கிட்ட வராதீங்க!"

இரண்டு குரலும் ஒன்றாகவே எழுந்தன.

சார் கூடத்து நடுவிலேயே நின்றுவிட்டார். மூக்கைச் சுளித்தபடி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.