கேமரா பிடித்தவர்

"நாளையிலேர்ந்து வாலுவைக் கூட்டிட்டு வர நீங்க ஸ்கூலுக்குப் போக வேண்டாம்ப்பா. நானே போய்க்கிறேன்."

அப்பா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சரிம்மா."

பேத்தி ஓயாமல் வாயடித்துக்கொண்டு கூடவே நடந்து வரும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் மீதி நாளை ஓட்டுகிறார். மகளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"தெரிஞ்சதுதானே."

"கேட்ல நிக்கிற அத்தனை பேரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்காங்க. 'ஒருத்தன் முழுகறான், இன்னொருத்தன் காப்பாத்த நீந்திப் போறான், உங்கப்பா கல்லு மாதிரி நின்னு படம் பிடிச்சிருக்காரே, அவரை நம்பிப் பிள்ளையை விடறியா'ன்னு கேக்கறாங்க. நான் மூஞ்சியை எங்கே வெச்சுக்கறது?"

பழைய கல்குவாரிக் குட்டையில் மூழ்கி, இரும்பு எடுத்து விற்றுப் பிழைத்த ஒருவரைப் பற்றிய ஆவணப்படம் அது. படம் எடுக்கும்போதே அவர் இறந்துபோனார். டைரக்டர் அதையும் படத்தில் வைத்தார். விருது டைரக்டருக்கு. 'ஒளிப்பதிவு' என்று பெயர் வந்ததால் வசவு அப்பாவுக்கு.

"இந்தக் கேமராவை வந்த விலைக்கு வித்துடப் போறேன்," என்றார் அப்பா. "உள்ளே அந்தக் குட்டையில எடுத்த கார்டு இருக்கு. நீயே அழிச்சுடு. என்னால அதைத் தொட முடியலை."

உள்ளறைக்கு எடுத்துப் போனாள். அழிக்கத்தான் போனாள். மனசு கேட்காமல் கடைசி கிளிப்பை ஓடவிட்டாள்.

குட்டை. திணறும் ஒரு தலை. திடீரென்று படம் சரிந்தது. புல், பாதி வானம். யாரோ ஓடும் சத்தம், தொப்பென்று தண்ணீர்.

"கேமராவைப் போட்டுட்டு ஓடறானே..." டைரக்டரின் குரல், மிகப் பக்கத்தில். கேமரா தரையிலிருந்து எழுந்தது. குட்டையை நோக்கி ஆடாமல் நின்றது. இப்போது இரண்டு தலைகள். வெளிவந்த படத்தில் வெட்டிவிட்ட இடத்தில், இரண்டாவது தலை ஒருமுறை கரைப்பக்கம் திரும்பியது.

அப்பா.

கேமராவோடு ஓடிவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"குதிச்சது நீங்களாப்பா? ஊரே காறித் துப்புது, நானும் சேர்ந்து துப்பினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அப்பா லென்ஸ் துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"நாளைக்கு நீங்கதான் போறீங்க. கேட்ல நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் இதைப் போட்டுக் காட்டறேன்."

"வேண்டாம்மா."

"ஏன்? அந்த டைரக்டருக்கு இன்னும் பயந்துக்கிட்டு இருக்கீங்களா?"

"நீ கடைசியை மட்டும் பார்த்திருக்கே. அதுக்கு முந்தினதையும் பாரு. பார்த்துட்டு, நான் போகலாமான்னு நீயே சொல்லு."

பொத்தானை அழுத்தினாள்.

குட்டையிலிருந்து ஏறி வந்தவர், முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. கேமராவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"கை காலெல்லாம் மரத்துப்போச்சு தம்பி. போதும்ல?"

"போதும், விட்டுடுங்க," இது டைரக்டர். "இருக்கறதை வெச்சு ஒப்பேத்திக்கலாம்."

அடுத்து, கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல். உற்சாகமாக.

"ஃபோகஸ் போயிடுச்சு அண்ணே. இன்னும் ஒரே ஒரு வாட்டி இறங்குங்க."